தண்ணியில் போடக்கூடாத கற்கள்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மாதேஷ் அனுப்பினான்னு சொன்னீங்கல்ல. ம். அனுப்புவான். இந்த வருஷத்துல நீங்க ஒம்பதாவது ஆளு. எல்லாரும் ஒரே மாதிரிதான் வர்றீங்க. கையில ரெண்டு புத்தகம், போன்ல பார்த்து எழுதின ஒரு லிஸ்ட்டு. கல்லு வெச்சு வலி போக்கற கிரிஸ்டல் ஹீலிங் கத்துக்கறோம், எந்தப் புத்தகம் வாங்கலாம்னு சார் உங்களைக் கேக்கச் சொன்னாரு. சாராம். என் சகலை உங்களுக்கெல்லாம் சார்.

குடுங்க, பாப்போம். இது வெறும் படப் புத்தகம். ஒரு பக்கத்துல முக்கால் பக்கம் படம், கீழ நாலு வரி. இன்னொண்ணு ராசிக்கு ஒரு கல்லு சொல்லுது. வீட்டுல இருக்கட்டும், தப்பில்லை. ஆனா கடையில ஒரு புத்தகத்தைக் கையில எடுத்தா நீங்க முதல்ல பாக்க வேண்டியது முன்பக்கம் இல்லை. பின்னாடி திருப்புங்க. தண்ணியில போடக்கூடாத கல்லு எது, வெயில்ல வைக்கக்கூடாத கல்லு எது, சும்மா தொட்டாலே கை கழுவ வேண்டிய கல்லு எது, இப்படி ஒரு பட்டியல் இருக்கான்னு பாருங்க. இருந்தா மத்ததைப் படிங்க. இல்லைன்னா எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வந்துடுங்க. எழுதிக்கிட்டீங்களா?

அடுத்தது, மஞ்சள் கல்லு. சிட்ரின்னு சொல்வாங்க. கடையில விக்கறதுல பாதிக்கு மேல செவ்வந்திக்கல்லை, அதான் அந்த ஊதாக்கல்லு அமெதிஸ்ட், அதைச் சூடு பண்ணி மஞ்சளாக்கினதுதான். அதைப் புத்தகம் ஒத்துக்குதான்னு பாருங்க. ஒத்துக்கிட்டா எழுதினவங்களுக்குக் கல்லு தெரியும். ஒத்துக்கலைன்னா அவங்களும் யாரோ சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு மாதேஷ் சொல்லியிருப்பானே. என்னன்னு சொன்னான்? பெரிய நிபுணர்னா? அப்படித்தான் சொல்லுவான். நான் நிபுணர் இல்லைம்மா. காலேஜுல ஜியாலஜி டிபார்ட்மெண்ட்டுல மியூசியம் பாத்துக்கிட்டவன். முப்பத்தொரு வருஷம். ஆயிரத்து நானூறு கல்லு, கண்ணாடி அலமாரியில. தூசி தட்டணும், லேபிள் ஒட்டணும், பிராக்டிகல் அன்னைக்கு எடுத்து வைக்கணும், சாயங்காலம் எண்ணி உள்ள வைக்கணும். புரொபசருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. புதுசா வர்றவரு பசங்க முன்னாடி கல்லைத் தூக்கிப் பிடிச்சுப் பாடம் நடத்துவாரு. அந்தக் கல்லு எந்த டிராயர்ல இருக்குன்னு முன்னாடி நாள் என்கிட்ட வந்து கேட்டிருப்பாரு. லேபிள் எல்லாம் என் கையெழுத்து. இங்கிலீஷும் அங்கதான் வந்துச்சு, லேபிள் எழுதி எழுதி. ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வை போட்டாங்க. பேரு அங்கமுத்துங்கறதை அழைப்பிதழ்ல அங்கப்பன்னு அடிச்சிருந்தாங்க. பரவாயில்லை.

மாதேஷ் என் சகலை. என் சம்சாரம் ருக்குமணி மூத்தவ, அவ தங்கச்சி கஸ்தூரியைக் கட்டினவன். முழுப்பேரு மாதேஸ்வரன். போர்டுக்காகச் சுருக்கிக்கிட்டான். என்ன வேலை பார்த்தான் தெரியுமா? ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கற வேலை. ஒளிச்சு வைக்கலை, அவனே எல்லார்கிட்டயும் சொல்லுவான், அது வேற. வலை அடிக்கப் போன வீட்டுல ஒரு அம்மா அவன் தலைவலிக்கு ஒரு செவ்வந்திக்கல்லைக் கையில குடுத்துச்சாம். தலைவலி போயிடுச்சாம். பத்து நாள் எங்கயோ போய்ப் படிச்சிட்டு வந்தான். வந்து அஸ்தம்பட்டியில ஒரு ரூம் எடுத்தான்.

நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பட்டுத்துணி விரிச்சு, அது மேல கல்லை வெச்சிருக்கான். என்ன கல்லு? வெங்கச்சங்கல்லும்மா, குவார்ட்ஸ். நம்ம பக்கம் எந்தக் கரட்டுல ஏறினாலும் செருப்புக்கு அடியில நறநறன்னு நசுங்குமே, அதோட நல்ல ஜாதி. என் அலமாரியில அது நாப்பது துண்டு இருந்துச்சு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஆளாவது அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டானா? இங்க வெளிய பெஞ்சு நிறைய ஆளு. பூக்காரம்மா, பேங்க் மேனேஜர், எல்லாம். உள்ள போறவங்க முகம் ஒரு மாதிரி, வெளிய வர்றவங்க முகம் வேற மாதிரி. பூக்கட்டற பொம்பளைங்ககிட்ட அவன் ஒண்ணும் வாங்க மாட்டான். அதுக்குப் பதிலா ரெண்டு முழம் பூ வெச்சிட்டுப் போவாங்க. கல்லு ஒண்ணும் பண்ணாது, அவன் ஒக்காந்து அவங்க பேசறதை முக்கால் மணி நேரம் கேக்கறான், அதுல சரியாகுது. அதுக்கு எதுக்குக் கல்லு, என்கிட்டகூட வந்து பேசியிருக்கலாம். யாரும் வரலை.

பொறாமைன்னு நினைச்சிடாதீங்க. எனக்கு அவன் மேல என்ன பொறாமை? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதைச் சொல்றேன். ஓமலூர்ல மாமனார் வீட்டுக்கு எல்லாரும் போயிருந்தோம். மாமனாருக்கு நெஞ்சு படபடப்பு. மாதேஷைக் கூப்பிட்டு எந்தக் கல்லு வெச்சுக்கலாம்னு கேக்கறாரு. பக்கத்துல நான் உக்காந்திருக்கேன். கல்லுலயே வாழ்ந்தவன். என் பக்கம் திரும்பவே இல்லை. மாதேஷ்தான் என்னைக் காட்டி, அண்ணாவைக் கேளுங்க மாமா, அவருக்குத்தான் தெரியும்னான். அவன் சொல்லித்தான் நான் ஞாபகத்துக்கு வரணுமா?

சரி, அதை விடுங்க. ருக்குமணிக்கு முட்டிவலி. ஒரு நாள் அவ முந்தானை முடிச்சு அவிழ்ந்து ஒரு சின்னப் பை விழுந்துச்சு. உள்ள ஒரு கல்லு. ரெண்டு மாசமா வெச்சிருக்காளாம். தம்பி குடுத்துச்சு, கொஞ்சம் தேவலைங்கறா. நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள் பேசலை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கறப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை அவனே வந்தான். ரெண்டு சீப்பு பழம் வாங்கிக்கிட்டு. நான் நடந்ததை அப்படியே சொல்றேன், கூட்டலை குறைக்கலை. உக்காந்தான். அண்ணா, நான் பத்து நாள் படிச்சதை வெச்சுக்கிட்டு ஓட்டறேன், ஜனங்க கேக்கற கேள்விக்கு எனக்கு பதில் தெரியலை, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல பயமா இருக்கு. நல்ல புத்தகமா நாலு வேணும். இங்கிலீஷ் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வருது, எது நல்லது எது டுபாக்கூர்னு பிரிக்கத் தெரியலை. நீங்க கூட வந்து எடுத்துக் குடுக்கணும், பெங்களூருல பெரிய கடை இருக்குன்னான்.

எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க? உண்மையைச் சொல்றேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கல்லைப் பத்தி ஒருத்தன் என் வாசப்படி ஏறி வந்து கேக்கறான். வர்றேன்னுட்டேன். அவன் போனதும் ருக்குமணி சொல்றா, இவ்வளவு பேரு வந்தும் தம்பிக்கு எவ்வளவு பணிவு பாருங்கன்னு. பழம் அப்பவே கசந்துடுச்சு. கேக்க வந்தவனுக்குப் பேரு பணிவு. சொல்லிக் குடுக்கப் போறவனுக்கு என்ன பேரு? ஒண்ணும் இல்லை.

காலையில ரயில்ல போனோம். கடை மூணு மாடிம்மா. மேல் மாடியில ஒரு முழு அலமாரி, கிரிஸ்டல், யோகா, வாஸ்து எல்லாம் ஒண்ணா. கல்லுப் புத்தகம் மட்டும் பதினொண்ணு இருந்துச்சு. நான் பதினொண்ணையும் இறக்கித் தரையில அடுக்கிட்டு உக்காந்துட்டேன். எனக்கு ஒரு முறை உண்டு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூணு கல்லை எடுத்துக்குவேன். எல்லாப் புத்தகத்துலயும் அந்த மூணைப் பத்தி மட்டும் என்ன சொல்லியிருக்குன்னு படிப்பேன். தெரிஞ்ச இடத்துல பொய் சொல்றவன் தெரியாத இடத்துலயும் சொல்லுவான். சிட்ரின் கதை சொன்னேன்ல, அது அங்க பார்த்ததுதான். பத்துப் புத்தகத்துல அந்தப் பேச்சே இல்லை.

நாலு மணி நேரம். மாதேஷ் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்து நான் நீட்டறதை வாங்கி மடியில வெச்சுக்கறான். நான் வேண்டாம்னா அலமாரியில வைக்கறான். ஏன் வேண்டாம்னு கேக்கறான், சொன்னா தலையாட்டறான். நடுவுல கீழ போய் எனக்கு டீ வாங்கிட்டு வந்தான், அந்தக் கடையில டீ உள்ள விடமாட்டாங்க, வாசல்ல நின்னு நான் குடிக்கற வரைக்கும் டம்ளருக்காகக் காத்திருந்தான். கடைப்பொண்ணு ஒருத்தி வந்து நீங்க புரொபசரான்னு என்னைக் கேட்டா. ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அந்த நாலு மணி நேரம் மாதிரி ஒண்ணு எனக்கு முன்னாடியும் வாய்க்கலை, பின்னாடியும் வாய்க்கலை.

பதினொண்ணுல ஒண்ணுதான் நிஜமான புத்தகம். தடியா, கறுப்பு அட்டை. எழுதின அம்மா நம்ம சப்ஜெக்ட்டு படிச்சவங்க. ஒவ்வொரு கல்லுலயும் என்ன உலோகம் இருக்கு, எவ்வளவு கெட்டி, எதுல கரையும், எல்லாம் போட்டு, அதுக்கப்புறம்தான் எந்த வலிக்கு எதுன்னு எழுதியிருந்தாங்க. பின்னாடி அந்தப் பட்டியல். தண்ணியில போடக்கூடாத கல்லுன்னு ரெண்டு பக்கம். நான் அதைத்தான் முதல்ல எடுத்து வெச்சேன். மேல இன்னும் மூணு, சுமாரானது. நாலையும் கையில அடுக்கிக்கிட்டு எழுந்திருச்சேன். சத்தியமா நாலையும் குடுக்கத்தான் எழுந்திருச்சேன்.

அப்பதான் அந்தப் பொம்பளை வந்துச்சு. நல்ல பட்டு, கூட ஒரு சின்னப் பொண்ணு. மாதேஷ் சாரான்னு ஓடி வருது. சேலத்துக்காரங்களாம், பெங்களூருல இருக்காங்களாம். இந்தப் பொண்ணு ராத்திரி தூங்காம கத்திக்கிட்டே இருந்துச்சாம், இவன்கிட்ட வந்தப்புறம் தூங்குதாம். நடுக்கடையில குனிஞ்சு அவன் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. நான் நாலு புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துட்டு அவன்கிட்ட கேக்குது: "உங்க அசிஸ்டெண்டா சார்?"

இல்லம்மா, இவரு எங்க அண்ணா, எனக்கு குரு மாதிரின்னு அவன் சொன்னான். சொன்னான், இல்லைங்கலை. ஆனா அந்தப் பொம்பளை அதைக் கேக்கவா நின்னுச்சு? பொண்ணுக்கு ஆசீர்வாதம் வாங்கறதுல இருந்துச்சு.

அவங்க போனதும் நான் கறுப்பு அட்டையை எடுத்து அலமாரியில வெச்சுட்டேன். மூணு போதும்னேன். மாதேஷ் அதைத் திரும்ப எடுத்தான். "கனமா இருக்கே அண்ணா, நீங்க முதல்ல எடுத்தது இதுதானே?"

"இது காலேஜு பசங்களுக்கு. உனக்கு ஆகாது."

அலமாரியிலயே வெச்சிட்டான். கீழ மூணுக்கும் பில்லு போட்டுட்டு ரயிலுக்குச் சாப்பாடு வாங்க வெளிய போனான். நான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்னு மேல ஏறி அந்தக் கறுப்புப் புத்தகத்தை எனக்கு வாங்கிப் பைக்குள்ள அடியில, துண்டுக்குக் கீழ வெச்சுக்கிட்டேன். என் காசு. நான் கல்லு தெரிஞ்சவன், எனக்கு ஒரு நல்ல புத்தகம் இருக்கக்கூடாதா?

திரும்பி வர்றப்ப ரயில்ல அவனுக்கு இருப்பு கொள்ளலை. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க அண்ணாங்கறான். நோட்டு ஒண்ணு கொண்டு வந்திருக்கான், நான் தமிழ்ல சொல்லச் சொல்ல எழுதறான். மூணுல ஒரு புத்தகத்துல கல்லுத் தண்ணின்னு ஒரு பகுதி. கல்லைத் தண்ணியில ஊறப் போட்டு அந்தத் தண்ணியைக் குடிக்கறது. எலும்பு மூட்டு வலிக்கு, கல்லீரலுக்கு, மாலகைட் கல்லுத் தண்ணின்னு போட்டிருந்துச்சு. மாலகைட் பார்த்திருப்பீங்க, நல்ல பச்சை, உள்ள வரி வரியா மயில் கழுத்து மாதிரி. அதுக்கு லேபிள் எழுதினவன் நான். செம்பு கார்பனேட்டுன்னு, கறுப்பு மையில. அது செம்பும்மா. கல்லு ரூபத்துல இருக்கற செம்பு.

நான் படிச்சேன். அவன் எழுதினான். புத்தகத்துல இருந்ததை அப்படியே படிச்சேன், ஒரு எழுத்து கூட்டலை. சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்ப பார்த்து அவன் போன் அடிச்சுது, யாரோ ஒரு மேனேஜர், நாளைக்கு சார் இருப்பாரான்னு. அவன் பேசி முடிக்கறதுக்குள்ள தர்மபுரி வந்துடுச்சு. பேச்சு வேற பக்கம் போயிடுச்சு.

அண்ணி முட்டிக்கு இது நல்லா இருக்கும் போலிருக்கேன்னு அவன் இறங்கறப்ப சொன்னான். வீட்டுக்கு வந்ததும் ருக்குமணிகிட்ட நான் கண்டிப்பா சொல்லிட்டேன், அவன் கல்லு குடுத்தா வெச்சுக்க, தண்ணி எது குடுத்தாலும் குடிக்காதேன்னு. அவ சிரிச்சா. தம்பி மேல உங்களுக்கு என்னதான் கோவமோன்னா. கோவம் என்ன கோவம், கட்டினவளைக் காப்பாத்தறது என் கடமை.

அதுக்கப்புறம் பதினாறு பதினேழு நாள் இருக்கும். காலையில ஏழு மணிக்கு கஸ்தூரி போன் பண்றா. ஏழெட்டு தடவை வாந்தி, நிக்க முடியலை, கண்ணெல்லாம் மஞ்சள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்னு. யாருக்குன்னு கேட்டேன். "அவருக்குத்தான் மாமா." எனக்குப் புரியலை. அவன் ஊருக்குக் குடுக்கறவனாச்சே, அவனுக்கு எப்படி?

நானும் ருக்குமணியும் ஆஸ்பத்திரி போனா வெளிய கஸ்தூரி தனியா உக்காந்திருக்கா. டாக்டரு மஞ்சக்காமாலையா, சாப்பாட்டு விஷமான்னு பார்க்கறாங்களாம். வெளிய எதுவும் சாப்பிடலையாம். அவதான் சொன்னா. புதுசா எது படிச்சாலும் அவரு முதல்ல தன் உடம்புல பத்து நாள் பார்த்துட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுப்பாரு, இந்தப் பச்சைக்கல்லுத் தண்ணியை ஒம்பது நாளா குடிச்சாரு. வெறும் தண்ணி குடிக்க முடியலைன்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, அதுலயே கல்லைப் போட்டு வெச்சிருந்தாருங்கறா.

எலுமிச்சம்பழம்னு நான் சொல்லவே இல்லை. புத்தகத்துலயும் இல்லை. அது அவனா பண்ணினது. வெறும் தண்ணியா இருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. புளிப்புல செம்பு கரையும், செம்புப் பாத்திரத்துல யாராவது புளி கரைப்பாங்களா? இதுகூடத் தெரியாதவன் எதுக்குப் போர்டு மாட்டணும்?

ருக்குமணி என்னைத் திரும்பிப் பார்த்தா. பார்த்தா, அவ்வளவுதான்.

எதிர் சுவத்துல கடிகாரம் இருந்துச்சு. ஒம்பது இருபது. டாக்டரு ரெண்டு தடவை எங்களைத் தாண்டிப் போனாரு. நான் சொல்லலை. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது, சொல்லலை. சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்பாங்க. தெரிஞ்சா ஏன் அப்பவே சொல்லலைம்பாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணும் இருந்துச்சு. கொஞ்ச நேரம் படட்டுமேன்னு ஒரு நினைப்பு. சாகணும்னு இல்லைம்மா, சத்தியமா இல்லை. பெஞ்சு நிறைய ஆளு வந்தாங்கல்ல, அவங்க ஒரு நாள் வந்து இவனை இப்படிப் பார்க்கட்டுமேன்னு.

பத்து பத்துக்கு கஸ்தூரி காபி வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தா. அவ ஒரு வாய் குடிக்கலை. "நீங்க இருக்கறது தைரியமா இருக்கு மாமா"ன்னா. அந்த டம்ளர் சூடு கையில பட்டதும் எழுந்திருச்சேன். நேரா டாக்டர் ரூமுக்குள்ள போயிட்டேன். அது மாலகைட், செம்பு, எலுமிச்சைத் தண்ணியில ஒம்பது நாளா ஊறியிருக்கு, ரத்தத்துல செம்பு பாருங்கன்னேன். அவரு எழுந்து நின்னுட்டாரு. கல்லைக் கொண்டு வரச் சொன்னாரு, பாட்டிலைக் கொண்டு வரச் சொன்னாரு. மருந்து மாத்தினாங்க. ரெண்டு நாள் ஐசியூ, பதினொரு நாள் வார்டு. பொழைச்சுக்கிட்டான்.

டாக்டர் எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. சரியான நேரத்துல சொன்னீங்க, இல்லைன்னா கல்லீரல் போயிருக்கும்னாரு. ஓமலூர்லருந்து மாமனார் வந்தாரு. இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பார்த்துக் கும்பிட்டாரு. கஸ்தூரி அழுதா. பேங்க் மேனேஜர், பூக்காரம்மா எல்லாம் வந்து, இவருதான் காப்பாத்தினவருன்னு என்னைக் காட்டிப் பேசிக்கறாங்க. எத்தனை வருஷமா நான் இதைத்தானே கேட்டேன். வந்துச்சு. வந்தப்ப எங்கயாவது எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு.

சரி, இதோட அவன் கடையை மூடிடுவான்னு நினைச்சேன். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? வார்டுல படுத்துக்கிட்டே, நம்பர் எழுதி வெச்ச நோட்டைப் பார்த்து, தன்கிட்ட வந்த ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டான். நான் படிக்காம ஒரு தப்புப் பண்ணிட்டேன், எந்தக் கல்லையும் தண்ணியில போட்டுக் குடிக்காதீங்க, உடம்பு முடியலைன்னா முதல்ல டாக்டரைப் பாருங்கன்னு. நூத்துக்கு மேல. குரல் வராது, நிறுத்தி நிறுத்திப் பேசறான். இனி ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நான் நினைச்சேன். முன்னாடி வந்ததை விட அதிகமா வந்தாங்க. தப்பை ஒத்துக்கறாரு, நல்ல மனுஷன்கறாங்க. விஷம் குடிச்சுக்கூட ஒருத்தன் பேரு வாங்குவானா? அவன் வாங்கினான்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் நான் பென்ஷனுக்கு ஆயுள் சான்று குடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா மாதேஷ் வீட்டுல இருக்கான். இதே ரூம். ருக்குமணி சமையல்கட்டுல காபி போடறா. நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான் அவன் இருந்தான். மடியில கறுப்பு அட்டை.

என்னைக் கேக்க ஏதோ சந்தேகம்னு வந்திருக்கான். அண்ணன் வர்ற வரைக்கும் அலமாரியில புத்தகம் பாருங்க தம்பின்னு ருக்குமணிதான் சொல்லியிருக்கா. நான் படிக்கறப்ப பென்சில்ல கோடு போடுவேன், அது மியூசியம் பழக்கம். அந்த ரெண்டு பக்கத்துல மாலகைட்டுக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருந்தேன். அவன் விரல் அந்த இடத்துல இருந்துச்சு.

"இது எப்ப வாங்கினீங்க அண்ணா?"

நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப, தபால்ல வரவழைச்சேன்னேன். எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலை. அவன் அட்டையைத் திருப்பினான். கடையில ஒட்டின பில்லு பின்பக்கத்துல அப்படியே இருந்துச்சு, தேதியோட. அன்னைக்கு மூணுக்கு அவன் வாங்கின பில்லுக்கும் அதே தேதிதான். பார்த்தான். மெலிஞ்சு போயிருந்தான், கழுத்துல சட்டை தொளதொளன்னு. அப்பதான் ருக்குமணி காபியோட வந்து, என்ன ரெண்டு பேரும் இவ்வளவு தீவிரமான்னு கேட்டா.

அவன் புத்தகத்தை மூடிட்டுச் சொன்னான்: "அண்ணா எனக்குன்னு தேடி இதை வாங்கி வெச்சிருக்காரு அண்ணி. எடுத்துட்டுப் போகப் போறேன்."

காபி முழுசும் குடிச்சான். மாமனார் உடம்பு பத்தி, கஸ்தூரி பத்தி எல்லாம் பேசினான். நான் வாசல் வரைக்கும் போனேன். செருப்பை மாட்டிக்கிட்டு, வண்டியில புத்தகத்தை வெச்சுக்கிட்டு, என் முகத்தைப் பாக்காம சொன்னான்.

"அண்ணிகிட்ட கல்லுத் தண்ணி குடிக்க வேண்டாம்னு சொன்னீங்களாமே. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ண்ணா."

அவ்வளவுதான். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இன்னைக்கு வரைக்கும் அவன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. கஸ்தூரிகிட்டக்கூட இல்லை. சொல்லியிருந்தா அவ பேச்சுல தெரிஞ்சிருக்குமே, அவ இன்னும் எனக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் குடுக்கறா. விசேஷத்துல பார்த்தா அவன் அண்ணா சௌக்கியமாங்கறான். கத்துக்க வர்றவங்களை எல்லாம் என்கிட்டயே அனுப்பறான். எதுக்கு அனுப்பறான்னு நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். அன்னைக்கு வாசல்ல சட்டையைப் பிடிச்சுத் திட்டியிருந்தான்னா நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும். விட்டுட்டுப் போயிட்டான். கல்லு எனக்குத் தெரிஞ்சது, பேரு அவனுக்கு. சரி, போகட்டும். இந்தப் பெருந்தன்மையாவது எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா? அதுவும் அவனுக்குத்தான். சில பேருக்கு எல்லாமே அமையுது பாருங்க.

ருக்குமணிக்கு எதுவும் தெரியாது. அவ வெகுளி. முன்னைக்கு இப்ப என் மேல பாசம் அதிகம்னுதான் சொல்லணும். காலையில காபி நான்தான் போடுவேன், முட்டிவலிக்காரி, எழுந்திருக்க நேரமாகும். ரெண்டு வருஷமா பாக்கறேன், நான் டம்ளரை நீட்டினா வாங்கிக் கீழ வெச்சுக்குவா. நீங்க குடிங்க முதல்லம்பா. நான் ரெண்டு வாய் குடிக்கற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு இருப்பா. அப்புறம்தான் அவ குடிப்பா. இந்த வயசுல எத்தனை பேருக்கு இப்படிக் கவனிக்கற பொண்டாட்டி அமையும்?

இருங்க, படியில சத்தம் கேக்குது. மாடியில துணி எடுக்கப் போன ருக்குமணி இறங்கி வர்றா. நோட்டைப் பிரிச்சு வெச்சுக்குங்க, எழுதற மாதிரி.

ஆமாம்மா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. மாதேஷ் மாதிரி ஒரு தங்கமான மனுஷனை நானும் பார்த்ததில்லை.